மாஸ்டர் பாதியில் விட்ட கிறிஸ்துமஸ் கதை

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதமே வந்துவிடும். வெளிநாட்டுக் கடைகளில் டிசம்பரில் தொங்க வேண்டிய சட்டைகள் ஆடி, ஆவணிக்குள் தைத்து மடித்துப் பெட்டியில் ஏறியாக வேண்டும். வெளியே ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயில் மைக் செட் அலறும். எங்கள் கம்பெனிக்குள் மான்களும் பனிப்பூக்களும் சிவப்புக் குல்லாய்த் தாத்தாக்களும் குவிந்து கிடப்பார்கள். நிஜ டிசம்பர் வரும்போது நாங்கள் கோடைக்கால பனியனில் மூழ்கியிருப்போம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தையல் தளத்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

அந்த ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரும் எங்களிடம் துணி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். உரிமம் வாங்கி அடிக்கிற படங்களைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். பல வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டரில், கறுப்புத் துணியில் ஒரு பெரிய வட்டக் கதவு மட்டும் அச்சடிக்க வேண்டியிருந்தது. இரும்புக் கதவு, ஓரம் முழுக்கப் பெரிய பெரிய ஆணிகள். இது என்ன கதவு என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். எனக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்காது என்பதால் அன்றைக்கே தேடிப் பார்த்தேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டோம்.

வானத்தின் கடைசி ஓரத்தில் ஒரு விளக்கு நிலையம். வழி தவறி வரும் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டுவது அதன் வேலை. உள்ளே நாலைந்து காவலர்கள். ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். விளக்கு மட்டும் அணையாது. என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கிய தொடர், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடம் முழுக்கச் சண்டை, கணக்கு, விஞ்ஞானம் என்று போகும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு நீளமான தனிக் கதை வரும். அந்தக் கதைகளுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. பண்டிகை நாளில் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். வட்டக் கதவு திறக்கும். வந்தவர் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் போய்விடுவார். தங்கியவர் எவரும் கிடையாது.

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். நான் ஒன்று. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் துணிக்கு அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தவர் ஒன்று; நான் அண்ணன் என்பேன். பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம், முருகனைக் கேட்காமல் மூக்குக்கூடச் சிந்த மாட்டார். மூன்றாவது எங்கள் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், கிறிஸ்தவர். சில வருடம் மொரீஷியஸில் வேலை பார்த்ததால் ஆங்கிலத்தைக் காதாலேயே பிடித்துவிடுவார். நாலாவது மாஸ்டரின் மனைவி. எங்கள் கம்பெனியிலேயே, தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தார். நான் அக்கா என்பேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, செல்போனில் ஓடும் எழுத்தைப் படிக்கப் பொறுமையும் கிடையாது. அதனால் ஒவ்வொரு கதையையும் மாஸ்டர்தான் அவருக்குச் சொல்வார். சொல்லச் சொல்ல அது வேறு கதையாகிவிடும். விண்வெளியில் கருப்பட்டிக் காப்பி குடிக்க வைத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். கப்பலில் யார் வந்து இறங்கினாலும் கையில் ஒரு அடுக்குத் தூக்குவாளியோடுதான் இறங்குவார்கள். அங்கே ஏது மாஸ்டர் தூக்குவாளி என்று கேட்டால், பின்ன வெறுங்கையோடயா ஒரு வீட்டுக்கு வருவாவ என்பார்.

கிறிஸ்துமஸ் சரக்கு லாரி ஏறிய அடுத்த ஞாயிறு எங்களுக்குக் கிறிஸ்துமஸ். அண்ணனின் யூனிட் மாடியில், நீள நீளமான பிரிண்டிங் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழைய பண்டிகைக் கதைகளைப் போட்டு அலசுவோம். ஆடியில் பேக்கரிக்காரனிடம் பிளம் கேக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பான். தேன் கேக் வாங்கிக்கொள்வோம். கடிகாரம் எல்லாம் நின்றுபோய் ஒரே விருந்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கட்சி. நிலையத்துக்குள்ளேயே பனி பெய்கிற கதையைப் போலக் குப்பை வேறு இல்லை. அண்ணனுக்கு அந்தப் பனிக் கதைதான் உயிர். கடைசியில் ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு உச்சியில் நிற்கிறாரே, அது யாரென்று நினைத்தீர்கள் என்பார். உயரமான இடத்தில் தனியாக யார் நின்றாலும் அவருக்கு முருகன்தான். நான் கத்துவேன். அவர் மரியாதை குறையாமல், இல்லீங்க அம்மிணி, நல்லாப் பாருங்க என்று மறுபடி ஆரம்பிப்பார். மாஸ்டர் நடுவில் புகுந்து கேக்கை வெட்டுவார். துணி வெட்டுகிற கை, எல்லாத் துண்டும் ஒரே அளவாக விழும்.

கடைசியாக அவர் கதை சொன்ன ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன் யூனிட்டுக்குப் பக்கத்தில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வாரம் முழுக்க இரைந்த இடம் சும்மா இருந்தால் காது எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். நல்ல மத்தியான வெயில், சன்னல் வழியாக மேசை மேல் விழுந்திருந்தது. மாஸ்டர் அன்றைக்குக் கேக்கைத் தொடவில்லை. நீங்க யாரும் பாக்காத ஒண்ணு சொல்லுதேன் என்றார்.

நிலையத்தில் ஒரு பெண் மட்டும் தனியாக இருக்கிறாள். அவள் புருஷனும் காவலர்தான். விளக்கைப் பழுது பார்க்க வெளியே போனவன், கட்டியிருந்த கயிறு அறுந்து இருட்டுக்குள் போய்விட்டான். அது நடந்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று அவள் தனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். அப்போது கதவு தட்டப்படுகிறது. மாஸ்டர் பிரிண்டிங் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. அவள் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கிறாள். அவன்தான் நிற்கிறான். போனபோது எப்படி இருந்தானோ அப்படியே. கையில் தூக்குவாளி. தலைக்கவசக் கண்ணாடிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. கப்பல் எதுவும் வரவில்லை. நடந்து வருவதற்கு அங்கே பாதையும் கிடையாது. அவன்தான் என்றால் திறக்க வேண்டும். அவன் இல்லை என்றால், வேறு எதுவோ என்றால், திறந்த நொடியில் நிலையத்தில் இருக்கிற காற்றெல்லாம் போய்விடும், விளக்கும் அணைந்துவிடும். அவள் தாழ்ப்பாள் மேல் கையை வைக்கிறாள்.

அங்கே நிறுத்திவிட்டார். மிச்சம் அடுத்த ஞாயிறு என்றார். நானும் அண்ணனும் சண்டைக்குப் போனோம். எந்த வருடத்துக் கதை, எங்கே பார்த்தீர்கள் என்று நான் குடைந்தேன். பாத்தேன் என்று மட்டும் சொன்னார். அக்கா மாஸ்டரின் விரல் தட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு வரவில்லை. நடுவாரத்தில் கட்டிங் மேசைப் பக்கத்தில், நெஞ்சு அடைக்குது என்று சொல்லித் துணி ரோல் மேல் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் எங்கள் திருப்திக்குத்தான். உடலை அவர் ஊருக்கே கொண்டுபோய்க் கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நான் நிறைய அழுதேன். கோபமும் வந்தது, இப்படிப் பாதியில் எழுந்து போகிற மனிதரா அவர் என்று.

நாற்பதாம் நாள் ஜெபம் முடித்துவிட்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். பிள்ளைகள் இல்லை, ஊரில் உட்கார்ந்து என்ன செய்வார். முதல் நாள் தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். ஆறுதலாகப் பேச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் அதற்கு வரவில்லை.

"அவ கதவத் தொறந்தாளா தங்கச்சி?" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து பண்டிகைக் கதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நிறம் மங்கிய பழைய கதைகளையும் விடவில்லை. அண்ணன் அவர் பங்குக்குப் பார்த்தார். மாஸ்டர் சொன்ன கதை எதிலும் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணும் இல்லை, கயிறு அறுந்துபோன புருஷனும் இல்லை. இணையத்தில் உலகம் முழுவதும் இருக்கிற ரசிகர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று உண்டு. எந்தக் கதையில் எந்த நடிகர் எந்தக் கையால் கரண்டி பிடித்தார் என்று சொல்லக்கூடிய பைத்தியங்கள். அவர்களிடம் கேட்டேன். அப்படி ஒரு கதை எடுக்கவே இல்லை என்றார்கள். ஒருவர், கனவில் பார்த்திருப்பீர்கள் என்று எழுதினார். அவருக்கு நான் எழுதிய பதிலை நிர்வாகிகள் நீக்கிவிட்டார்கள்.

இதற்கிடையில் திருப்பூர் நல்லூரில் அக்கா குடியிருந்த, வரிசையாய்க் கட்டிய லைன் வீட்டின் ஓனரம்மா எனக்குப் போன் செய்தார். ஏனுங்க, உங்க கம்பெனி அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் ஊட்டுக் கதவைத் திறந்து போட்டே வெச்சிருக்காங்க என்றார். நாய் புகுந்து சோற்றுப் பானையை உருட்டியிருக்கிறது. வேலைக்குப் போன நேரத்தில் மிக்ஸி காணாமல் போயிருக்கிறது. ராத்திரி குடித்துவிட்டு வந்த ஒருவன் தன் வீடு என்று நினைத்து உள்ளே வந்து பாயில் படுத்தே விட்டான். அப்படியும் அக்கா கதவைச் சாத்தவில்லை. தனியாக இருக்கிற பெண்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் போனேன். கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாதபடி செங்கல் வைத்திருந்தது. அக்கா உள்ளே வாசலைப் பார்த்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். ஒரு ஆளாவது உயிரோடு இருக்க வேண்டாமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. மாஸ்டர் அன்றைக்கு மேசையில் தட்டினாரே, அது இந்த வீட்டுக் கதவை அவர் தட்டுகிற தட்டு என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானாம். இரண்டு, அப்புறம் ஒன்று.

"சாத்திக் கெடந்தாத்தானே தொறக்கவா வேண்டாமான்னு யோசன வரும்? தொறந்தே கெடந்தா யோசிக்கவே வேண்டாம்லா" என்றார். பிறகு, மழை வருமா என்று விசாரிக்கிற குரலில், "ஊர்லயிருந்து வரணும்லா தங்கச்சி. ரெண்டு பஸ்ஸு மாறணும்" என்றார்.

அந்தப் பண்டிகைக் கதைகளில் வந்தவர்கள் யாரும் தங்கியதில்லையே அக்கா என்றேன். போவது பற்றித் தனக்குக் கவலை இல்லை, வந்தாரா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டும் என்றார். முடிவை நான் சொல்லிவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வதாகவும் சொன்னார்.

சரி, முடிவுதானே என்று நானே ஒன்றைக் கட்டினேன். அவள் திறக்கிறாள், காற்று போகவில்லை, இருவரும் சாப்பிடுகிறார்கள், அவன் அவள் கையைப் பிடித்து அழுதுவிட்டு விடைபெறுகிறான். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நீங்க கட்டுனது, அவிய கதையில யாரும் அழ மாட்டாவ என்றார். அவர் ஊரில் பெண்கள் புருஷனை அவிய என்றுதான் சொல்வார்கள். செங்கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த சித்திரை முடிவில் அந்தத் தொடரின் புதுப் பண்டிகைக் கதைக்கான சட்டை ஆர்டர் வந்தது. படத்தின் ஃபைலைப் பகல் வெளிச்சத்தில், சுற்றிலும் பத்து பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீசில்தான் திறந்தேன். இருந்தும் கழுத்துக்குப் பின்னால் மயிர் குத்திட்டது. அதே வட்டக் கதவு, சாத்தியிருக்கிறது. அதன் முன்னால் விண்வெளி உடை போட்ட ஒரு ஆள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வலது கை கதவைத் தட்டுவதற்கு உயர்ந்திருக்கிறது. இடது கையில் மூன்று அடுக்காக, கைப்பிடி போட்ட ஒரு பாத்திரம்.

அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. எப்போதும் நலம் விசாரிக்காமல் பேச்சை ஆரம்பிக்காத மனிதர்.

"ஏனுங்க அம்மிணி, இது நம்ம மாஸ்டர் சொன்னதுங்களா?"

ஆமாங்கண்ணா என்றேன். மாஸ்டர் போய் வருடம் ஆகப்போகிறது; ஃபைலில் இருந்த தேதிப்படி இந்தப் படத்தை அங்கே வரைந்ததோ அந்தச் சித்திரையில்தான்.

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. சட்டையில் வந்தது திரையில் வரும். ஆடியில் அச்சடித்ததை வைத்தே டிசம்பர் கதையை முன்கூட்டிச் சொல்லிவிடுவோம், ஒருமுறையும் தப்பியதில்லை. அந்தத் தைரியத்தில் நானும் அண்ணனும் அக்காவிடம் ஓடினோம். மாஸ்டர் சொன்ன கதை வருகிறது, முடிவை நீங்களே பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்தோம். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

ஆடியில் சரக்கு செக்கிங்குக்கு வந்தது. அந்தப் படம் போட்ட சட்டைகளைப் பார்க்க அக்காவைப் போட வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தேன். அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க டியூப்லைட்டுக்கு அடியில் நின்றபடி, ஒவ்வொரு சட்டையாக விரித்து, அந்த முதுகின் மேல் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மடித்து வைத்தார். தையல் விட்டிருந்தாலும் அச்சு கசிந்திருந்தாலும் அங்கே சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட வேண்டும். அக்கா வழக்கம்போல ஒட்டிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மேசை மேல் அத்தனை ஆட்கள் கதவைத் தட்டக் கையைத் தூக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு சட்டை விரித்திருந்தது. அம்பு ஸ்டிக்கர் அவர் விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஆளக் காணோம் பாத்தியளா" என்றார்.

கதவு இருந்தது. ஆள் இல்லை. ஒரு நிறம் விழாமல் போவது எங்களுக்குப் புதிதில்லை. நிறத்துக்கு ஒன்றாக ஸ்க்ரீன் என்கிற அச்சுச் சட்டம் வைத்து அடிப்பதில், அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுவார்கள். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாக இல்லை. அவன் முதுகு மறைத்திருந்த இடத்திலும் கதவு இருந்தது. இரும்பின் கோடுகள், ஆணிகள் எல்லாம் ஒழுங்காகத் தொடர்ந்து போயின.

அண்ணனை வரச் சொன்னேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வண்டியில் வந்துவிட்டார். சட்டையைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விரலால் சுரண்டினார். கதவும் ஆளும் ஒரே கறுப்பு ஸ்க்ரீனில் இருக்கிறது, ஒன்றை விட்டு ஒன்றை அடிக்க முடியாது என்றார். ஆளுக்குப் பின்னால் கதவை யாரும் வரையவே இல்லை; ஃபைலிலேயே அந்த இடத்தில் ஆணி கிடையாது.

"இது எங்க டேபிள்ல அடிச்சது இல்லீங்க அம்மிணி" என்றார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பூசிக்கொண்டார். அன்றைக்கு அவர் முருகன் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவே எனக்கு என்னவோ செய்தது.

அக்கா எங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதுல என்ன இருக்கு. உள்ள போயிச் சாத்திக்கிட்டாவ" என்றார்.

உரிமப் படம் போட்ட சட்டையில் கழித்ததைக்கூட வெளியே விடக் கூடாது. கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த விதியில் எவரையும் நான் விட்டதில்லை. எத்தனையோ பேர் என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சட்டையை நானே மடித்து அக்காவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். சூப்பர்வைசர் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் நானே கொண்டுபோய் வீட்டில் விட்டேன். அக்கா செங்கலை எடுத்து ஓரமாக வைத்தார். பாத்துப் போங்க தங்கச்சி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வாசலில் நின்ற ஓனரம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அன்றிலிருந்து அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது.

டிசம்பர் வந்தது. வெளிநாட்டில் ஒளிபரப்பியதை நாங்கள் கிறிஸ்துமஸ் காலையில் பார்த்தோம், நான் என் வீட்டில், அண்ணன் அவர் வீட்டில். கதவுக்கு வெளியே நின்றவன் யாரோ ஒரு ரிப்பேர்காரன். கையில் இருந்தது கருவிப்பெட்டி. வந்தான், வழுக்கி விழுந்து எல்லாரையும் சிரிக்க வைத்தான், சாப்பிட்டான், போனான். தனியாக இருக்கிற பெண் எவளும் இல்லை. பனி பெய்த கதையே தேவலை என்று தோன்றும்படி இருந்தது. அண்ணன் போன் செய்து, என்னங்க அம்மிணி இப்படிப் பண்ணிட்டாங்க என்றார். சட்டை முதல்முறையாக எங்களை ஏமாற்றிவிட்டது. மாஸ்டர் சொன்ன கதை எங்கேயும் இல்லை.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அவர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் மறுபடி செங்கல் வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். நானே போய்ப் பக்குவமாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். பண்டிகை நாளில் வெறுங்கையோடு போக முடியுமா? சேமியாப் பாயசம் வைத்து, தக்காளிச் சோறும் வடையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியான நேரம். லைன் வீடுகளில் எல்லாரும் சினிமாவுக்கோ ஊருக்கோ போயிருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம். அக்கா எதையோ சொன்னார், தாழ்ந்த குரலில், நிதானமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு. செல்போனில் ஊருக்குப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. வலது கை கதவுக்கு நேராக. இடது கையில் மூன்று அடுக்குத் தூக்குவாளி. என் நிழல் கதவின் மேல் விழுந்திருந்தது. அந்தப் படத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பயந்து போனேன். உள்ளே பேச்சு நின்றிருந்தது. தூக்குவாளியை வாசற்படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தெருமுனை வரைக்கும் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார். தூக்குவாளியைக் கழுவி, முறுக்கும் அச்சு முறுக்கும் நிரப்பிக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். புதுக் கதையைப் பற்றி நானாகப் பேச்சை எடுத்தேன். அது கிடக்கு விடுங்க என்று கையை வீசிவிட்டார். பாயசம் நன்றாக இருந்ததாம், இனிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாம். பிறகு என் பக்கம் குனிந்து, உரிமையோடு கோபித்துக்கொள்கிற குரலில் கேட்டார்.

"ஏன் தட்டாமப் போயிட்டிய? அவிய சொன்னாவ, வாசல்ல யாரோ நிக்காவ, கதவத் தொறன்னு. நான் கையக் கழுவிட்டு வாரதுக்குள்ள ஆளக் காணோம்."

அடுத்த தடவை தட்டுகிறேன் அக்கா என்று சொன்னேன். தூக்குவாளியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். இன்றுவரை அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.